கேளுங்கள், சொல்கிறோம்: ஒரு டொமைன், இரண்டு மெயில் சேர்வர்

இம்முறை மெயில் சேர்வர் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். செட்டிங் பெயர்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடுகிறோம். கோப்பில் அவற்றை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். லினக்ஸில் மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் செட்டிங் என்றால் சொற்களுக்கிடையில் அடிக்கோடு வரும்.

கேள்வி: எங்கள் தலைமை அலுவலகம் யூனியன் பிளேஸில், தொழிற்சாலை பியகமவில். தலைமை அலுவலகத்தில் மைக்ரோசொஃப்டின் மெயில் சேர்வரான எக்ஸ்சேஞ்ச் 2019, 60 பேர். தொழிற்சாலையில் லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டிகளை வைத்திருக்கும் டவ்கொட்டும், 45 பேர். இரண்டிலும் டொமைன் ஒன்றுதான். வெளியிலிருந்து வரும் மெயில் எக்ஸ்சேஞ்சுக்கு வரும். தொழிற்சாலைக்காரருக்கு வந்தவை 'அப்படி ஒருவர் இல்லை' என்று திரும்பிக்கொண்டிருந்தன. எக்ஸ்சேஞ்சில் டொமைனை 'இன்டர்னல் ரிலே' ஆக்கி, பியகமவுக்கு ஒரு கனெக்டர் போட்டதும் அது சரியாகிவிட்டது. ஆனால் இப்போது சில மெயில்கள் இரண்டு சேர்வருக்குமிடையில் சுற்றிச் சுற்றி, கடைசியில் 'ஹொப் எண்ணிக்கை மீறியது' என்று முடிகின்றன. என்ன செய்யலாம்?
— ஐ.ரி. பொறுப்பாளர், கொழும்பு 2

பதில்: தன்னிடம் இல்லாத முகவரி மற்றதிடம் இருக்கும் என்று உங்கள் இரண்டு சேர்வருமே நம்பிக்கொண்டிருக்கின்றன. 'ஓதொரிட்டேட்டிவ்' ஆக இருந்தவரை எக்ஸ்சேஞ்ச் தன் பட்டியலில் இல்லாதவரை மறுத்தது. 'இன்டர்னல் ரிலே' ஆனதும் மறுப்பதை விட்டுவிட்டு, தெரியாத முகவரியைப் பியகமவுக்குத் தள்ளுகிறது. பியகமவும் தனக்குத் தெரியாததை யூனியன் பிளேஸுக்கே திருப்பி அனுப்பும்படி அமைந்திருக்க வேண்டும். எழுத்துப்பிழையோடு ஒரு முகவரி வந்தால் போதும், மெயில் ஊஞ்சலாடத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் தலைப்பகுதியில் 'ரிசீவ்ட்' வரிகள் கூடிக்கொண்டே போகும். அந்த வரிகள்தான் ஹொப் எண்ணிக்கை. அவை 50ஐத் தாண்டினால் போஸ்ட்ஃபிக்ஸ், மாற்றாமல் விட்ட அமைப்பில், கையை விரித்துவிடும்.

'இப்படி ஒரு முகவரி எங்கள் நிறுவனத்தில் இல்லை' என்று சொல்லும் உரிமை ஒரே ஓர் இயந்திரத்திடம் இருக்க வேண்டும். ஓர் உறையில் இரண்டு கத்தி என்ற கதைதான் இப்போது நடப்பது. உரிமையை இரண்டில் ஒன்றுக்குக் கொடுத்தும் ஓட்டலாம். ஆனால் நாங்கள் பரிந்துரைப்பது இரண்டுக்கும் முன்னால் ஒரு சிறிய கேட்வே. அதில் யாருடைய பெட்டியும் இருக்காது. மத்திய தபால் பரிமாற்றகம் போல, பிரித்து அனுப்புவது மட்டுமே அதன் வேலை. லினக்ஸ், போஸ்ட்ஃபிக்ஸ், ஸ்பாம் வடிகட்ட ஆர்ஸ்பாம்டி. உங்கள் 105 பேருக்கு 2 சி.பி.யூ., 4 ஜி.பி. நினைவகம் உள்ள வேர்ச்சுவல் மெஷின் போதும். வைரஸ் பிடிக்கும் கிளாம் ஏ.வி.யும் சேர்ப்பதென்றால் அது தனியாகவே 1 ஜி.பி.க்கு மேல் விழுங்கும். நினைவகத்தில் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

கேட்வேயில் முதலில் 'ரிலே டொமைன்ஸ்' வரியில் உங்கள் டொமைனை எழுதுங்கள். அதே டொமைனை 'மைடெஸ்டினேஷன்' வரியிலும் விட்டுவைத்தால், கேட்வே அதைத் தன் சொந்தப் பெட்டிகள் உள்ள டொமைனாக எடுத்துக்கொண்டு, லினக்ஸ் கணக்கு இல்லாத எல்லோரையும் மறுக்கும். அடுத்து 'ரிலே ரெசிப்பியன்ட் மேப்ஸ்' பட்டியல்: 105 பேரும் வரிக்கொருவராக, கூடவே கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு போன்ற குழு முகவரிகளும். குழு முகவரிகளைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். இந்தப் பட்டியலில் இல்லாதவருக்கு வரும் மெயிலைக் கேட்வே உள்ளே எடுக்காமல் வாசலிலேயே 550 சொல்லித் திருப்பிவிடும்.

'ட்ரான்ஸ்போர்ட் மேப்ஸ்' அட்டவணையில் யார் எங்கே என்பதை எழுத வேண்டும். டொமைன் முழுவதற்குமாக ஒரு வரி, எக்ஸ்சேஞ்சின் உள் ஐ.பி.க்கு. பியகமவின் 45 பேருக்கும் ஆளுக்கொரு வரி, அந்தச் சேர்வரின் உள் ஐ.பி.க்கு. முழு முகவரி எழுதிய வரி டொமைன் வரியை முந்தும் என்பதால் இரண்டும் மோதாது. ஐ.பி.யோ சேர்வர் பெயரோ, சதுர அடைப்புக்குள் இருக்கட்டும். அடைப்பு இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் எழுதிய பெயருக்கு எம்.எக்ஸ். (மெயில் எந்தச் சேர்வருக்கு என்று சொல்லும் டி.என்.எஸ். பதிவு) தேடிப் போகும், அந்த எம்.எக்ஸ். கேட்வேயையே காட்டினால் 'மெயில் என்னிடமே திரும்புகிறது' என்ற பிழை வரும். ஹேஷ் வகை அட்டவணை என்றால், திருத்தியதும் 'போஸ்ட்மேப்' கட்டளையை ஓட்டுங்கள். ஓட்டாதவரை பழைய அட்டவணைதான் வேலை செய்யும். அதே கட்டளைக்கு 'கியூ' தெரிவும், அட்டவணையில் எழுதிய முகவரியோ டொமைனோ ஒன்றும் கொடுத்தால், அந்த வரி எந்தச் சேர்வரைக் காட்டுகிறது என்று மெயில் அனுப்பாமலே பார்த்துவிடலாம்.

எக்ஸ்சேஞ்சில் டொமைன் 'இன்டர்னல் ரிலே' ஆகவே இருக்கட்டும். பியகமவுக்குப் போட்ட கனெக்டரை எடுத்துவிட்டு, அனுப்பும் கனெக்டரில் கேட்வேயை ஸ்மார்ட் ஹோஸ்டாக, அதாவது மெயிலை ஒப்படைக்கும் அடுத்த சேர்வராக, கொடுங்கள். உங்கள் டொமைனுக்கும் வெளியுலகுக்கும் அதுவே வழி. பியகம போஸ்ட்ஃபிக்ஸிலும் டொமைன் 'ரிலே டொமைன்ஸ்' வரிக்கு மாற வேண்டும். அங்கே ட்ரான்ஸ்போர்ட் அட்டவணையில் உள்ள 45 பேர் மட்டும் டவ்கொட்டின் எல்.எம்.ரி.பி.க்கு (பெட்டியில் மெயிலைப் போடும் வழி), மற்றதெல்லாம் 'ரிலேஹோஸ்ட்' வழியாகக் கேட்வேக்கு. ஆக, தெரியாத முகவரி எங்கே புறப்பட்டாலும் கேட்வேயில் வந்து அங்கேயே மறுக்கப்படும்.

இதற்குப் பிறகும் சுற்றல் வருவதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். எக்ஸ்சேஞ்சில் பெட்டியை அழித்துவிடுகிறீர்கள். கேட்வே பட்டியலில் பெயர் அப்படியே இருக்கிறது. கேட்வே எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும், எக்ஸ்சேஞ்ச் 'என்னிடம் இல்லை' என்று கேட்வேக்கே திருப்பும். எனவே நீக்கும்போது முதலில் கேட்வே பட்டியல், பிறகு பெட்டி. சேர்க்கும்போது முதலில் பெட்டி, பிறகு பட்டியல். இந்த ஒழுங்கை மனிதவளப் பிரிவிலிருந்து வரும் படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள். அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் பியகமக்காரரும் தெரிய வேண்டுமானால் அவர்களை எக்ஸ்சேஞ்சில் மெயில் கொன்டாக்ட் ஆகச் சேர்க்கலாம்.

பயர்வோலில், வெளியிலிருந்து 25ஆம் போர்ட் கேட்வேக்கு மட்டும் திறந்திருந்தால் போதும். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசொஃப்டின் ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அதை நேரே இணையத்தில் நிறுத்தி வைப்பது நல்லதல்ல, புதிய பதிப்புக்கு மாறுவதற்கும் இப்போதே திகதி குறியுங்கள். கேட்வேயின் 'மைநெட்வேர்க்ஸ்' வரியில் இரண்டு சேர்வரின் ஐ.பி.யை மட்டும் எழுதுங்கள். அலுவலக நெட்வேர்க் முழுவதையும் எழுதிவிட்டால், வைரஸ் பிடித்த ஒரே ஒரு கணினி உங்கள் பெயரில் ஊருக்கெல்லாம் ஸ்பாம் அனுப்பிவிடும்.

மாற்றத்தைப் போயா விடுமுறையில் செய்யுங்கள். உங்கள் கொள்வனவாளருக்குப் போயா கிடையாது, மெயில் வந்துகொண்டே இருக்கும் என்பதால் இரண்டு முன்னேற்பாடு வேண்டும். முதல் நாளே எம்.எக்ஸ். பதிவு, பெயருக்குரிய ஐ.பி.யைச் சொல்லும் ஏ பதிவு இரண்டின் ரி.ரி.எல். மதிப்பை (மற்றவர்கள் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறையுங்கள். மாற்றும் நேரத்தில் கேட்வேயிலும் பியகமவிலும் போஸ்ட்ஃபிக்ஸின் 'சொஃப்ட் பவுன்ஸ்' அமைப்பை 'யெஸ்' ஆக்குங்கள். நிரந்தர மறுப்பெல்லாம் தற்காலிக மறுப்பாக மாறும். நீங்கள் ஓர் எழுத்தைத் தவறவிட்டிருந்தாலும் மெயில் தொலையாது, அனுப்பிய சேர்வர் பிறகு மீண்டும் முயலும். ஓரிரு நாளில் லொக்கைப் பார்த்துத் திருப்தியானதும் அதை 'நோ' ஆக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: எம்.எக்ஸ். பதிவில் 10, 20 என்று இரண்டு இருந்தால் எது முதலில்? மின்வெட்டுக் காலத்தில் மெயில் தொலையாமலிருக்க இரண்டாவது எம்.எக்ஸ். வைப்பது அவசியமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சிறிய எண்தான் முதலில். எண்கள் சமமாக இருந்தால் இரண்டுக்கும் பங்கிட்டு வரும். எம்.எக்ஸ். காட்டுவது ஏ பதிவு உள்ள ஒரு பெயராக இருக்க வேண்டும், வெறும் ஐ.பி.யும் கூடாது, இன்னொரு பெயரைக் காட்டும் சி-நேம் பதிவும் கூடாது.

பெரும்பாலான நிறுவனங்களுக்கு இரண்டாவது எம்.எக்ஸ். தேவையில்லை என்பது எங்கள் கருத்து. உங்கள் சேர்வர் கிடைக்காவிட்டால் அனுப்புகிறவரின் சேர்வர் மெயிலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். குறைந்தது 4, 5 நாள் முயல வேண்டும் என்பது மெயில் பரிமாற்றத்துக்கான எஸ்.எம்.ரி.பி. நியமம், போஸ்ட்ஃபிக்ஸின் வழக்கமான அளவும் 5 நாள். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அவ்வளவு நேரத்தையும் அது தாங்கும். மெயில் தாமதமாகும், தொலையாது.

கட்டாயம் வேண்டுமென்றால், அது வேறு கட்டடத்தில், வேறு இணைப்பில் இருக்க வேண்டும். ஒரே ரெக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டை அடுக்கிவிட்டு 'பேக்கப்' என்று சொல்வதில் பொருளில்லை. அதோடு முதல் சேர்வரில் உள்ள அதே முகவரிப் பட்டியலும் அதே ஸ்பாம் வடிகட்டியும் இரண்டாவதிலும் இருக்க வேண்டும். ஸ்பாம் அனுப்புகிறவர்கள் காவல் குறைந்த பின்வாசல் என்று பெரிய எண்ணைத் தேடிப் போவார்கள். பட்டியல் இல்லாத இரண்டாவது சேர்வர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். முதல் சேர்வர் அதை மறுக்கும். இரண்டாவது அந்த மறுப்புக் கடிதத்தைப் போலி அனுப்புநர் முகவரியில் உள்ள அப்பாவிக்கு அனுப்பும். சில நாளில் உங்கள் ஐ.பி. கறுப்புப் பட்டியலில் இருக்கும்.

கேள்வி: எங்கள் சேர்வரிலிருந்தும், கிளவுட் கணக்கியல் மென்பொருளிலிருந்தும், செய்திமடல் சேவையிலிருந்தும் ஒரே டொமைனில் மெயில் போகிறது. ஜிமெயிலில் இன்வொய்ஸ்கள் ஸ்பாமில் விழுகின்றன. எஸ்.பி.எஃப். பதிவு மூன்றும் போட்டிருக்கிறோம்.
— கணக்காளர், பம்பலப்பிட்டி

பதில்: மூன்று போட்டதுதான் பிழை. எஸ்.பி.எஃப். என்பது உங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமையுள்ள சேர்வர்களின் பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான். இரண்டாவது வந்தவுடனேயே முழுவதும் செல்லாததாகிவிடும். மூன்றையும் ஒரே ரி.எக்ஸ்.ரி. வரியாக்குங்கள்: உங்கள் சேர்வரின் ஐ.பி., பின்னர் இரு சேவைகளின் 'இன்குளூட்', கடைசியில் ~ குறியோடு 'ஓல்'. அந்த வரியைச் சரிபார்க்க நடக்கும் டி.என்.எஸ். தேடல்கள் 10ஐத் தாண்டக் கூடாது. ஓர் இன்குளூட்டுக்குள் இருக்கும் இன்குளூட்டுகளும் இந்தக் கணக்கில் சேரும். உங்கள் சேர்வரை ஐ.பி.யாக எழுதினால் அதற்குத் தேடல் செலவாகாது.

மெயில் உங்கள் டொமைனுடையது, வழியில் மாறவில்லை என்று காட்டும் டி.கிம் கையெழுத்து வேறு கதை. அனுப்புகிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி செலெக்டர் (சாவியின் பெயர்), தனித்தனி சாவி. ஒரே இரகசியச் சாவியை மூன்று இடத்துக்கு நகலெடுக்க வேண்டாம். 2048 பிட் சாவியின் ரி.எக்ஸ்.ரி. பதிவு 255 எழுத்தைத் தாண்டும் என்பதால் மேற்கோள் குறிகளுக்குள் துண்டுகளாக எழுத வேண்டும். சில கட்டுப்பாட்டுப் பலகைகள் சொல்லாமலே வாலை வெட்டிவிடும், போட்டபின் முழுவதும் இருக்கிறதா என்று பாருங்கள். செய்திமடல் சேவையில் 'சொந்த டொமைனில் கையெழுத்து' என்ற அமைப்பை இயக்குவது முக்கியம். அத்தகைய சேவைகள் வழக்கமாகத் திரும்பு முகவரியில் தங்கள் டொமைனையே வைக்கும், எஸ்.பி.எஃப். தேறினாலும் அது உங்கள் பெயரோடு பொருந்தாது, எஸ்.பி.எஃப்., டி.கிம் இரண்டில் ஒன்றாவது உங்கள் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் டீமார்க் பார்வையில் அந்தத் தேர்ச்சி கணக்கில் வராது. எக்ஸ்சேஞ்சைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் டி.கிம் கையெழுத்து உள்ளமைந்து வருவதில்லை, கேட்வேயில்தான் போட வேண்டும். மெயிலின் அடியில் சட்ட அறிவித்தல் ஒட்டுவதாக இருந்தால் முதலில் அதை ஒட்டிவிட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள். பிறகு ஒட்டினால் கையெழுத்து உடையும்.

டீமார்க் பதிவைக் கொள்கை 'நன்' என்று தொடங்கி, சில வாரம் அறிக்கைகளைப் பார்த்து, உங்களுக்குத் தெரியாத அனுப்புநர் யாரும் இல்லை என்று உறுதியானபின் இறுக்குங்கள்.

இன்னொன்று, ஒரு ஐ.பி.க்குரிய பெயரைச் சொல்லும் பி.ரி.ஆர். பதிவு. 2024 பெப்ரவரி முதல் ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் இதை எதிர்பார்க்கிறது. டொமைன் வாங்கிய இடத்தில் இதைப் போட முடியாது. ஐ.பி. யாருடையதோ அவர்களிடம், அதாவது இணைப்புத் தரும் நிறுவனத்திடம், நிலையான ஐ.பி. எடுத்து, அதன் பி.ரி.ஆர். உங்கள் சேர்வர் பெயரைக் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். அந்தப் பெயரின் ஏ பதிவு அதே ஐ.பி.க்குத் திரும்ப வேண்டும். பேச்சைத் தொடங்கும்போது சேர்வர் ஹெலோ சொல்லும் பெயரும் அதுவாகவே இருக்கட்டும்.

கேள்வி: கைப்பேசியில் மெயில் வெளியே வேலை செய்கிறது. அலுவலக வைஃபையில் ஏறினால் நின்றுவிடுகிறது.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: மெயில் சேர்வரின் பெயர் உள்ளேயும் வெளி ஐ.பி.யையே காட்டுகிறது, உள்ளிருந்து புறப்பட்டு வெளி ஐ.பி.யைத் தொட்டு மீண்டும் உள்ளே வருவதை உங்கள் ரவுட்டர் அனுமதிக்கவில்லை. அலுவலக டி.என்.எஸ்.இல் அதே பெயருக்கு உள் ஐ.பி.யைக் கொடுங்கள். கைப்பேசியில் ஐ.பி.யை எழுதிச் சமாளிக்க வேண்டாம், சான்றிதழ் எச்சரிக்கை வரும்.

கேள்வி: களஞ்சியத்திலிருந்து தலைமை அலுவலகத்துக்கு மாறும் ஊழியரின் பெட்டியை ஒரு டவ்கொட் சேர்வரிலிருந்து மற்றதற்கு எப்படி நகர்த்துவது? முகவரி மாறக் கூடாது. மாறும்போதெல்லாம் அவருடைய கைப்பேசியை வாங்கி செட்டிங் மாற்றுவதும் அலுத்துவிட்டது.
— ஐ.ரி. உதவியாளர், களனி

பதில்: 'ஐமெப்சிங்க்' என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. பழைய பெட்டியைத் தொடாமல் புதியதற்கு ஒரு முறை நகலெடுங்கள், 10 ஜி.பி. என்றால் முதல் நாள் இரவே தொடங்கிவிடலாம். அது முடிந்ததும் கேட்வேயின் ட்ரான்ஸ்போர்ட் வரியைப் (முதல் பதிலைப் பாருங்கள்) புதிய சேர்வருக்கு மாற்றுங்கள். பிறகு ஐமெப்சிங்கை மறுபடி ஓட்டினால் இடையில் பழைய பெட்டியில் விழுந்தவை மட்டும் வந்து சேரும். தலைப்பகுதியை ஒப்பிட்டுப் பார்ப்பதால் முன்பு வந்தவை இரட்டிக்காது. பழைய பெட்டியை ஒரு வாரமாவது வைத்திருங்கள். அவர் மெயிலைத் தன் கருவிக்கு இறக்கும் பொப் முறையில், 'சேர்வரில் பிரதி வை' என்ற தெரிவோடு மெயில் எடுப்பவராக இருந்தால், புதிய சேர்வரில் கடித எண்கள் மாறிவிடுவதால் எல்லாவற்றையும் மீண்டும் இறக்கும். நகர்த்துமுன், மெயிலைச் சேர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமெப்புக்கு மாற்றிவிடுங்கள்.

கைப்பேசித் தொல்லைக்கு டவ்கொட்டைப் ப்ரொக்ஸியாக, அதாவது உரிய சேர்வருக்குக் கைமாற்றும் இடையாளாக, முன்னால் நிறுத்துங்கள். எல்லோருக்கும் ஒரே சேர்வர் பெயர், 993ஆம் போர்ட். பயனர் அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் 'ப்ரொக்ஸி' என்ற புலமும், அவர் பெட்டி இருக்கும் சேர்வரைச் சொல்லும் 'ஹோஸ்ட்' என்ற புலமும் இருக்கும். ஊழியர் மாறினால் அந்த ஒரு புலத்தை மாற்றினால் போதும். கைப்பேசிக்கு எதுவும் தெரியாது. இரண்டு சேர்வரையும் நெட்வேர்க்கில் பகிரும் ஒரே என்.எஃப்.எஸ். கோப்புறையில் கோத்து, ஒரே பெட்டியை இரண்டிலும் ஒரே நேரத்தில் திறக்கவிடும் குறுக்குவழியை யாராவது சொல்லித்தந்தால் கேட்காதீர்கள், இன்டெக்ஸ் கோப்புகள் பழுதாகும். பழைய வழிகாட்டிகளில் காணும் 'டிரெக்டர்', 'ரெப்ளிகேஷன்' இரண்டும் டவ்கொட் 2.4இல் எடுக்கப்பட்டுவிட்டன; அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கேள்வி: கேட்வேயில் இணைப்பு அளவை 40 எம்.பி. ஆக்கினோம். இருந்தும் 20 எம்.பி. வரைபடங்கள் திரும்புகின்றன.
— வாசகர், தெஹிவளை

பதில்: உள்ளே இருக்கும் சேர்வரின் வரம்பைப் பார்த்தீர்களா? போஸ்ட்ஃபிக்ஸ் மாற்றாமல் விட்டால் 10,240,000 பைட், ஏறக்குறைய 10 எம்.பி. தான். இணைப்பு மெயிலில் போகும்போது பேஸ்64 ஆக மாறி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதும், 20 எம்.பி. கோப்பு 27 எம்.பி.யைத் தாண்டும். வெளியே பெரிய வரம்பும் உள்ளே சிறிய வரம்பும் இருந்தால், கேட்வே வாங்கிவிட்டுப் பிறகு திருப்பியனுப்ப வேண்டி வரும். உள் சேர்வரை முதலில் உயர்த்துங்கள், கேட்வே அதைவிடக் கூடாமல் இருக்கட்டும்.

கேள்வி: .இலங்கை டொமைனில் தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்க முடியுமா?
— ஆசிரியை, மருதானை

பதில்: .இலங்கை, 2010 முதல் இருக்கிறது. @ குறிக்குப் பின்னால் தமிழ் வருவது சிக்கலில்லை, சேர்வர்கள் அதை ஆங்கில எழுத்துக் குறிமுறையாக மாற்றி அனுப்பலாம். முன்னால் உள்ள பெயரும் தமிழென்றால் வழியிலுள்ள ஒவ்வொரு சேர்வருக்கும், ஆங்கிலமல்லாத எழுத்து முகவரிகளைக் கையாளும் எஸ்.எம்.ரி.பி.யூ.ரி.எஃப்.8 தெரிந்திருக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல் தெரியும். நடுவில் ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் மெயில் திரும்பும். ஆகவே அதே பெட்டிக்கு ஆங்கில எழுத்தில் ஒரு மாற்றுப் பெயரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் 12 பேர். பாதுகாப்புக்காக இரண்டு மெயில் சேர்வர் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?
— வியாபாரி, புறக்கோட்டை

பதில்: வேண்டாம். ஒன்றே போதும். இரண்டாவதற்கான பணத்தில் ஒரு நல்ல யூ.பி.எஸ். வாங்கி, சேர்வரோடு ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அதில் செருகுங்கள். கடைசி இரண்டையும் சாதாரண சுவர் பிளக்கில் விட்டுவிட்டு, யூ.பி.எஸ். இருந்தும் மெயில் வரவில்லையே என்பவர்கள் நிறையப் பேர். பெட்டிகளின் நகல் ஒவ்வோர் இரவும் கடைக்கு வெளியே வேறோர் இடத்துக்குப் போகட்டும். மாதத்துக்கு ஒரு முறை அந்த நகலிலிருந்து ஒருவருடைய பெட்டியையாவது மீட்டெடுத்துப் பாருங்கள்.